பெயரை விட்டு ஓடையைப் பிடியுங்கள்: அப்பலாச்சியா மலைக் குடும்பங்களின் வேர் தேடுவோருக்கு

அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில் மருமகளோ மருமகனோ மலைநாட்டுக்காரராக இருப்பதுண்டு. ஒஹாயோவிலோ மிச்சிகனிலோ பிறந்து வளர்ந்திருப்பார். தாத்தா பாட்டி ஊர் எது என்று கேட்டால் கென்டக்கி, மேற்கு வர்ஜீனியா, டென்னசி என்று ஒரு மலை மடிப்பைக் காட்டுவார். அதற்கு மேல் கேட்டால், "அதெல்லாம் பெரியவங்களுக்குத்தான் தெரியும்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். என் மனைவியின் அம்மா வழியும் கிழக்கு கென்டக்கிதான். பிள்ளைகளுக்கு இரண்டு பக்கத்துக் கதையும் தெரிய வேண்டும் என்று தேடத் தொடங்கியதில் தெரிந்துகொண்டதை, புதிதாக இறங்குபவர்களுக்கு உதவும் வரிசையில் எழுதுகிறேன்.

அப்பலாச்சியா என்பது நியூயார்க் மாநிலத்தின் தென்பகுதியிலிருந்து மிசிசிப்பி வரை 13 மாநிலங்களில் பரவிய மலைப் பகுதி. இதில் முழுவதுமாக அடங்கும் ஒரே மாநிலம் மேற்கு வர்ஜீனியா. 1940க்கும் 1970க்கும் இடையே சுமார் 30 லட்சம் பேர் இந்த மலைகளை விட்டு வடக்கே டெட்ராய்ட், சின்சினாட்டி, டேட்டன், ஆக்ரன் என்று ஆலை வேலைக்குப் போனார்கள். அதனால்தான் இன்று பேரப்பிள்ளைகள் ஓர் இடத்திலும் முன்னோரின் கல்லறை இன்னோர் இடத்திலும் இருக்கின்றன.

பெயரைத் தட்டித் தேடும் பழக்கம் இந்த மலைகளில் சீக்கிரமே முட்டுச்சந்தில் கொண்டுபோய் நிறுத்தும். ஒரே கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு), ஒரே குடும்பப் பெயரோடு, ஒரே வயதில் நாலைந்து வில்லியம்கள் இருப்பார்கள். அண்ணன் தம்பி எல்லாரும் தத்தம் மகனுக்குத் தாத்தா பெயரை வைத்திருப்பார்கள். ஊர்க்காரர்கள் அவர்களை அடையாளம் சொன்னது அவரவர் குடியிருந்த ஓடையை வைத்துத்தான். நீங்களும் அதையே செய்யுங்கள். முன்னோரின் முழுப்பெயர் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, எந்த ஓடை, அதில் எந்தக் கிளை என்று முதலில் கண்டுபிடியுங்கள்.

1. முதலில் பெரியவர்கள், அப்புறம் கணினி

ஆவணங்கள் அடுத்த வருஷமும் இருக்கும். தொண்ணூறு வயதுப் பாட்டி இருப்பாரா என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் முதல் வேலை அவரைப் போய்ப் பார்ப்பது.

கைப்பேசியில் பதிவு செய்தால் போதும், ஆனால் அனுமதி கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். கையில் பழைய புகைப்படங்களைக் கொண்டுபோங்கள். ஒரு தடவையில் எல்லாம் வராது. இரண்டாவது, மூன்றாவது சந்திப்பில்தான் நல்ல விஷயங்கள் வெளியே வரும். வருஷத்தைக் கேட்காதீர்கள். "அவர் எந்த வருஷம் செத்துப்போனார்?" என்றால் "தெரியலையேப்பா" என்று முடிந்துவிடும். அந்த வருஷம் பின்னால் ஏதாவது ஒரு காகிதத்தில் கிடைத்துவிடும். காகிதத்தில் கிடைக்காததைக் கேளுங்கள்.

"சின்ன வயசுல பள்ளிக்கூடத்துக்கு எந்த வழியா போவீங்க? ஓடையை எத்தனை இடத்துல தாண்டணும்? வழியில யார் யார் வீடு?"

இந்த மூன்று கேள்விகள் செய்த வேலையை நான் கண்ணால் பார்த்தேன். மனைவியின் சின்னப் பாட்டி வீட்டுத் திண்ணையில் பச்சை பீன்ஸை ஊசி நூலில் கோத்துக்கொண்டிருந்தார். முழுக் காயாகச் சரம் கோத்து, அடுப்பருகே தொங்கவிட்டு வற்றலாக்கி, குளிர்காலத்தில் உப்புப் பன்றி இறைச்சியோடு மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். லெதர் பிரிட்சஸ் என்று அதற்குப் பெயர். கை வேலையில் இருந்ததால் வாய் தாராளமாகப் பேசியது. ஓடை வாயிலிருந்து மேலே தலைமடை வரை ஒவ்வொரு வீடாகச் சொன்னார். இந்த வீட்டில் தேனீ வளர்த்தார்கள், அந்த வீட்டு அம்மாதான் பிரசவம் பார்ப்பவர், அதற்கு மேல் ஒரு கிழவர் தனியாக இருந்தார், அவரைப் பார்த்தால் நாங்கள் ஓடுவோம் என்று. பிறகு 1940 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாளை எடுத்து வைத்துப் பார்த்தால், ஏறத்தாழ அதே வரிசையில் குடும்பங்கள் இருந்தன. கணக்கெடுக்க வந்தவரும் அதே ஓடை வழியாகத்தான் நடந்திருக்கிறார். அந்தத் தாளில் வெறும் பெயராக இருந்தவர்களுக்கு அன்றைக்கு முகம் கிடைத்தது.

வேறு என்ன கேட்கலாம்? இலையுதிர் காலத்தில் பன்றி அடித்த நாளில் யார் யார் உதவிக்கு வருவார்கள், காட்டில் ஜின்செங் கிழங்கு தோண்டி விற்ற காசில் என்ன வாங்கினீர்கள், நிலக்கரிக் கம்பெனி நடத்திய கடையில் கணக்கு யார் பெயரில் இருந்தது, கல்லறைக்குப் பூ வைக்கப் போகும் நாளில் எந்தெந்தக் குடும்பம் வரும். கடைசிக் கேள்வியைத் தவறாமல் கேளுங்கள். ஒரே கல்லறைக்குப் பூ கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் உறவுக்காரர்களாகவே இருப்பார்கள்.

உறவுமுறையைச் சொல்லும்போது நிறுத்தி நிறுத்திக் கேட்டுக்கொள்ளுங்கள். மாமோ, பாப்போ என்று அப்பா வழி, அம்மா வழி இரண்டு பக்கத்துப் பாட்டி தாத்தாவையும் ஒரேபோல அழைப்பார்கள். ஊரில் மதிப்புள்ள வயதான பெண்ணை உறவே இல்லாமலும் ஆன்ட் என்பார்கள். "யாருடைய அம்மா? யார் கூடப் பிறந்தவர்?" என்று ஒவ்வொரு முறையும் தெளிவாக்கிக் குறித்துவையுங்கள். பெண்களின் பெயரிலும் கவனம் வேண்டும்: மேரி வீட்டில் பாலி ஆவார், சாரா சாலி ஆவார், மார்கரெட் பெகி, மார்த்தா பேட்சி. ஒரே பெண் இரண்டு ஆவணங்களில் இரண்டு பேராகத் தெரிவார்.

2. ஓடையை வரைபடத்தில் குறியுங்கள்

இரண்டு மலைகளுக்கு நடுவே சிற்றோடை இறங்கி வரும் குறுகிய இடுக்கை அங்கே ஹாலர் என்பார்கள். ஒரு குடும்பம் மூன்று தலைமுறைக்கு ஒரே ஹாலரில் இருந்தது சாதாரணம். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் பழைய நிலப்பட வரைபடங்கள் இணையத்தில் இலவசம். பல தாள்களில் தனித்தனி வீடுகள், பள்ளிக்கூடம், சர்ச், கல்லறை எல்லாம் சின்னச் சின்னக் குறிகளாக இருக்கும்.

பெரியவர் சொன்ன ஊர் இன்றைய வரைபடத்தில் இல்லையா? பயப்பட வேண்டாம். அது பெரும்பாலும் ஒரு தபால் நிலையத்தின் பெயராக இருக்கும். யாரோ ஒருவர் வீட்டிலோ கடையிலோ தபால் நிலையம் நடந்திருக்கும். அது மூடியதும் ஊர்ப்பெயரும் போயிருக்கும். 1837 முதல் 1950 வரை தபால் நிலையங்கள் எங்கே இருந்தன என்று போஸ்ட்மாஸ்டர்கள் எழுதி அனுப்பிய அறிக்கைகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. எந்த ஓடைக்கு எந்தப் பக்கம், எத்தனை மைல் என்று அதில் எழுதியிருப்பார்கள்.

3. கவுண்டி எப்போது பிறந்தது என்று பாருங்கள்

குடும்பம் நகராமலேயே கவுண்டி மாறியிருக்கும். கென்டக்கியில் 120 கவுண்டிகள். பலவும் பழைய கவுண்டிகளைத் துண்டாக்கி உண்டானவை. நாட் கவுண்டி 1884இல்தான் வந்தது. அங்கே இன்று இருக்கும் ஒரு வீட்டின் பழைய பத்திரத்தை லெட்சர், பெர்ரி, ஃப்ளாய்ட், பிரெத்திட் கவுண்டிகளில் தேட வேண்டியிருக்கலாம். மேற்கு வர்ஜீனியாவின் மிங்கோ 1895இல் லோகனிலிருந்து பிரிந்தது. மேற்கு வர்ஜீனியா மாநிலமே 1863 ஜூன் 20 அன்றுதான் வர்ஜீனியாவிலிருந்து தனியானது. தேடும் வருஷத்தில் அந்த ஓடை எந்தக் கவுண்டியில் இருந்தது என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

4. கணக்கெடுப்பைப் பின்னோக்கிப் படியுங்கள்

கணக்கெடுப்புத் தாள்கள் 72 ஆண்டுகள் கழித்தே வெளியாகும். 1950 தாள்கள் 2022 ஏப்ரல் 1 அன்று வந்தன. அங்கே தொடங்கி, பத்துப் பத்து ஆண்டாகக் கீழே இறங்குங்கள். ஃபேமிலிசர்ச் என்ற குடும்ப வரலாற்றுத் தளத்தில் கணக்கு திறந்தால் காசு இல்லாமல் பார்க்கலாம்.

1940 தாளில் ஒரு பெயருக்கு அருகே வட்டமிட்ட பெருக்கல் குறி இருக்கும். தகவல் சொன்னவர் அவர். மனைவி சொன்னதா, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதா என்பதைப் பொறுத்து வயதை எவ்வளவு நம்பலாம் என்று முடிவு செய்யலாம். 1900 தாளில் ஒரு தாய் எத்தனை பிள்ளை பெற்றார், எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று இரண்டு எண்கள் உண்டு. பெற்றது பதினொன்று, இருப்பது ஆறு என்று பார்க்கும்போது மனம் கனத்துப்போகும். ஆனால் பெயரில்லாத சின்னக் கல்லறைகள் எத்தனை தேட வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரியும். 1890 தாள்களைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்; 1921இல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தால் அநேகமாக எல்லாமே போய்விட்டன. 1850க்கு முன்னால் குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும்.

ஒரு பெயரைக் கண்டதும் அந்தப் பக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். முன்னால் இரண்டு பக்கம், பின்னால் இரண்டு பக்கம் படியுங்கள். மாமனார் வீடு, மச்சான் வீடு எல்லாம் அங்கேதான் இருக்கும்.

5. பிறப்பும் இறப்பும்

மாநிலப் பதிவு தாமதமாகத்தான் வந்தது. கென்டக்கியில் 1911, வர்ஜீனியாவில் 1912, வட கரோலினாவில் 1913, டென்னசியில் 1914. மேற்கு வர்ஜீனியாவின் கவுண்டிப் பதிவுகள் 1853இலிருந்தே உண்டு; மாநில ஆவணக் காப்பகம் அவற்றில் நிறைய இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது.

புதியவர்கள் தவறவிடும் ஒரு பொக்கிஷம் தாமதப் பிறப்புச் சான்றிதழ். 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஓய்வூதியம் வாங்க வயதை நிரூபிக்க வேண்டும். வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்தவர்களிடம் ஏது சான்றிதழ்? அறுபது வயதுக்காரர் கவுண்டி அலுவலகத்துக்குப் போய், குடும்ப பைபிளின் பக்கத்தைக் காட்டி, அக்காவையோ மருத்துவச்சியையோ சாட்சி சொல்ல வைத்து, தன் பிறப்பைப் பதிந்துகொண்டார். பதிவே இல்லாத 1880களில் பிறந்தவருக்கு அம்மா அப்பா பெயரோடு ஆவணம் கிடைப்பது இப்படித்தான். இறப்புச் சான்றிதழில் மட்டும் ஓர் எச்சரிக்கை: அதில் உள்ள பெற்றோர் பெயர், துக்கத்தில் இருந்த மகனோ மருமகளோ நினைவிலிருந்து சொன்னது. தகவல் தந்தவர் யார் என்ற கட்டத்தை முதலில் பாருங்கள்.

6. நிலப் பத்திரம்: இங்கே அவசரப்படாதீர்கள்

என்னைக் கேட்டால் மலைக் குடும்பத்துக்குப் பத்திரத்தைப் போன்ற ஆவணம் வேறில்லை. படிக்காதவர்களும் நிலம் வைத்திருந்தார்கள். கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி போட்டார்கள்.

நம் கிரயப் பத்திரங்களில் நான்கெல்லை வருவதுபோல இங்கேயும் எல்லை சொல்லப்படும்: ஓடைக் கரையில் உள்ள பீச் மரத்தில் தொடங்கி, மேட்டின் மேல் இருக்கும் இரண்டு செஸ்ட்நட் மரங்கள் வரை இத்தனை போல் (pole) தூரம், அங்கிருந்து இன்னாருடைய எல்லைக்கோட்டோடு என்று. ஒரு போல் என்றால் பதினாறரை அடி. அந்த செஸ்ட்நட் மரங்கள் இன்று இல்லை. 1904இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்ட ஒரு பூஞ்சை நோய் சில பத்தாண்டுகளில் இந்த மலைகளின் செஸ்ட்நட் காடுகளையே அழித்துவிட்டது. ஆனால் "இன்னாருடைய எல்லைக்கோடு" என்ற வரி அப்படியே இருக்கிறது. அந்த இன்னார் மாமனாராகவோ அண்ணனாகவோ இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

பத்திரங்களில் முதலில் தேட வேண்டியது வாரிசுகள் சேர்ந்து விற்றது. அப்பா உயில் எழுதாமல் இறந்திருப்பார். நிலத்தை விற்க எல்லாப் பிள்ளைகளும், மகள்களின் கணவன்மாரும் கையொப்பம் இட வேண்டும். இன்டியானாவுக்கோ மிசௌரிக்கோ போன மகன்கூட எந்த ஊரில் இருக்கிறார் என்ற குறிப்போடு வருவார். ஒரே பத்திரத்தில் முழுக் குடும்பமும் கிடைத்துவிடும்.

அடுத்தது கனிம உரிமைப் பத்திரம். 1880களுக்குப் பிறகு நிலக்கரி நிறுவனங்களின் ஆட்கள் வீடு வீடாகப் போய், மேல்மண் உங்களுக்கு, அடியில் இருப்பது எங்களுக்கு என்று ஏக்கருக்கு மிகச் சொற்ப விலையில் எழுதி வாங்கினார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலேயே கைக்குறி வைத்தவர்கள் ஏராளம். அந்தப் பத்திரத்தைக் காட்டியே பின்னாளில் அவர்களின் பேரப்பிள்ளைகளின் தோட்டத்தையும் மேட்டையும் இயந்திரம் வைத்துத் தோண்டினார்கள். 1988இல் கென்டக்கி வாக்காளர்கள் மாநில அரசியல் சட்டத்தையே திருத்தித்தான் அதைத் தடுத்தார்கள். உங்கள் முன்னோரின் கைக்குறியை அப்படியொரு பத்திரத்தில் பார்த்தால், படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குடும்பம் ஏன் மலையை விட்டு இறங்கியது என்ற கேள்விக்குப் பதில் அதில் இருக்கலாம்.

ஃபேமிலிசர்ச் தளத்தில் இப்போது கையெழுத்துப் பத்திரங்களின் உள்ளேயே சொல் தேடும் வசதி வந்திருக்கிறது. அதில் ஓடையின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். குடும்பப் பெயரை விட இது பல நேரம் நன்றாக வேலை செய்கிறது.

7. சர்ச்சும் போரும்

பழைய பாப்டிஸ்ட் சபைகளின் கூட்டக் குறிப்புப் புத்தகங்களில் யார் சேர்ந்தார், யார் கடிதம் வாங்கிக்கொண்டு வேறு சபைக்குப் போனார், யார் விலக்கப்பட்டார் என்று இருக்கும். கடிதம் வாங்கிய மாதம்தான் பெரும்பாலும் குடும்பம் இடம் பெயர்ந்த மாதம். 1861–65 உள்நாட்டுப் போரில் இந்த மலைகள் இரண்டாகப் பிரிந்து நின்றன. வடக்குப் படையில் இருந்தவரின் விதவை ஓய்வூதியம் கேட்டிருந்தால், திருமணத்தை நிரூபிக்க அண்டை வீட்டார் சத்தியம் செய்து சொன்ன சாட்சியங்கள் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும். தெற்குப் படையினரின் ஓய்வூதியம் மாநிலங்கள் கொடுத்தது. அதை மாநிலக் காப்பகத்தில் தேட வேண்டும்.

8. கல்லறைக்குப் போங்கள்

மலைக் கல்லறைகள் பெரும்பாலும் வீட்டுக்கு மேலே மேட்டின் உச்சியில் இருக்கும். இலைகள் உதிர்ந்த பிறகு, பாம்பு நடமாட்டம் குறைந்த காலத்தில் போவது நல்லது. எழுத்தில்லாத வெறும் காட்டுக்கல் தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று என்று நட்டிருப்பார்கள். கல்லே இல்லாவிட்டாலும் நித்தியகல்யாணியின் உறவான நீலப்பூ வின்கா தரையெல்லாம் படர்ந்திருந்தால் நின்று பாருங்கள். கல்லறையில் நடும் கொடி அது. கல்லைச் சுண்ணக்கட்டியால் தேய்க்காதீர்கள், பக்கவாட்டில் வெளிச்சம் பட வைத்துப் படம் எடுங்கள். தனியார் நிலமானால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

எல்லாவற்றையும் விட நல்லது டெக்கரேஷன் டே அன்று போவது. பெரும்பாலும் மே முதல் கோடை வரை, ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடும்பங்கள் கல்லறையைச் சுத்தம் செய்து பூ வைத்து, அங்கேயே சேர்ந்து சாப்பிடுவார்கள். எந்தக் கல் யாருடையது என்று தெரிந்தவர்கள் எல்லாரும் அன்றைக்கு ஒரே இடத்தில் இருப்பார்கள்.

கல்லறையே இடம் மாறியிருக்கவும் கூடும். டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் 1936இல் நாரிஸ் அணையைக் கட்டி முடிப்பதற்குள் ஆயிரக்கணக்கான கல்லறைகளை அகற்றியது. எதை எங்கே மாற்றினார்கள் என்ற பதிவேடுகள் இருக்கின்றன. வட கரோலினாவில் ஃபான்டானா அணை நீர் பாதையை மூழ்கடித்த கல்லறைகளுக்கு ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்கா நிர்வாகம் படகில் அழைத்துப்போகிறது.

9. குடும்பக் கதைகளை எப்படி எடுத்துக்கொள்வது

"எங்க கொள்ளுப்பாட்டி செரோகி" (அமெரிக்கப் பழங்குடிகளில் ஒன்று) என்பதை அநேகமாக எல்லா வீட்டிலும் கேட்பீர்கள். மறுக்கவும் வேண்டாம், அப்படியே குடும்ப மரத்தில் ஏற்றவும் வேண்டாம். கிழக்கு செரோகியருக்குரிய ஒரு நஷ்டஈட்டுக்காக 1906 முதல் சுமார் 46,000 மனுக்கள் வந்தன. பெரும்பாலானவை தள்ளுபடி ஆயின. ஆனால் மனு போட்டவர் தன் பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர் எல்லாரையும் எழுத வேண்டியிருந்தது. தள்ளுபடியான மனுவும் உங்களுக்குத் தங்கம்தான்.

மலையில் கறுப்பினக் குடும்பங்களும் தலைமுறைகளாக வாழ்ந்திருக்கின்றன. நிலக்கரி நகரங்களுக்குத் தெற்கிலிருந்து வந்தவர்களும் உண்டு. கென்டக்கியின் லிஞ்ச் நகரம் அப்படிப்பட்டது. இவர்களுக்கு 1870 கணக்கெடுப்பு ஒரு சுவர். அடிமைகளாக இருந்தவர்கள் பெயரோடு வரும் முதல் கணக்கெடுப்பு அது. அதற்கு முன் அடிமைப் பட்டியலில் பெயரில்லாமல் வயது, பாலினம், நிறம் போன்ற விவரங்கள் மட்டும் உரிமையாளரின் பெயருக்குக் கீழே இருக்கும். விடுதலை பெற்றோருக்கான ஃப்ரீட்மென்ஸ் பீரோ பதிவுகளும், உரிமையாளர் குடும்பத்தின் உயில்களும்தான் அந்தச் சுவரைத் தாண்ட வழி. வர்ஜீனியாவில் இன்னொன்றும் நடந்தது: 1924 இனத்தூய்மைச் சட்டத்துக்குப் பிறகு பதிவாளர் வால்டர் பிளெக்கர் பலரது சான்றிதழ்களில் இனத்தையே மாற்றினார். இனம் என்ற கட்டத்தில் இருப்பதை மட்டும் நம்பி முடிவுக்கு வராதீர்கள்.

சில கதைகளை யாரும் சொல்ல மாட்டார்கள். 1921இல் மேற்கு வர்ஜீனியாவின் பிளேர் மலையில் நிலக்கரித் தொழிலாளர்கள் ஆயுதம் ஏந்தி நின்ற பிறகு தேசத்துரோக வழக்குகள் வந்தன. அப்பா வாயைத் திறக்கவில்லை, மகனும் கேட்கவில்லை என்று பல வீடுகளில் அப்படியே போனது. ஒரு பெரியவர் ஒரு பேச்சில் நின்றுவிட்டால் விட்டுவிடுங்கள். பீன்ஸ் கோப்பதைப் பற்றிக் கேளுங்கள். அவருக்குத் தோன்றினால் திரும்பி வருவார்.

டிஎன்ஏ பரிசோதனையில் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஒரே ஓடையில் சில குடும்பங்களே தலைமுறைகளாக மணம் முடித்திருந்தால், தூரத்து உறவினரும் கிட்டத்து உறவாகக் காட்டப்படுவார்.

10. படியெடுத்துப் பல இடத்தில் வையுங்கள்

2022 ஜூலை இறுதியில் கிழக்கு கென்டக்கியில் வந்த வெள்ளம் வைட்ஸ்பர்க் நகரில் உள்ள ஆப்பல்ஷாப் என்ற திரைப்பட, கலை நிறுவனத்தின் காப்பகத்துக்குள்ளும் புகுந்தது. 1969 முதல் சேர்த்த படச்சுருள்களும் ஒலிநாடாக்களும் சேற்றில் நனைந்தன. வீடுகளில் பெட்டி பெட்டியாக இருந்த புகைப்படங்களும் அடித்துப்போயின. உங்கள் மாமியார் வீட்டு அலமாரியில் இருக்கும் பைபிளையும் படங்களையும் இந்த மாதமே ஸ்கேன் செய்யுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள், பெயர்கள் அங்கேதான் எழுதியிருக்கும். ஒலிப்பதிவு ஒவ்வொன்றுக்கும் யார் பேசினார், எந்த ஓடை, எந்த நாள் என்று கோப்பின் பெயரிலேயே போடுங்கள். ஒரு பிரதி உங்களிடம், ஒன்று வேறு மாநிலத்தில் இருக்கும் உறவினரிடம், ஒன்று அந்தக் கவுண்டி நூலகத்தில். உயிரோடு இருப்பவர்களின் விவரங்களைப் பொதுவில் போடாதீர்கள். பேசியவருக்கு அவர் குரலின் பிரதியை முதலில் கொடுங்கள், அப்புறம்தான் மற்றவர்களுக்கு.